சூரியனில் புள்ளி, மார்பில் படபடப்பு

"1947 ஏப்ரல் 6, ஈஸ்டர் ஞாயிறு. மாலையில் சூரியனில் பெரிய கரும்புள்ளி கண்டேன். காலை முதலே மார்பு படபடப்பு. தொடர்பு உறுதி."

என் நாட்குறிப்பில் அன்று எழுதியது இது. "உறுதி" என்ற சொல்லின் கீழே கோடு வேறு இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

பட்டணத்திலிருந்து தபாலில் வரும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். சூரியப் புள்ளிகள் பெருத்தால் பூமியில் காந்தப் புயல் கிளம்பும், திசைகாட்டி முள் ஆடும், ரேடியோ கரகரக்கும், பலவீனமான இதயங்களுக்கும் அது ஆகாதோ என்று சில மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். சந்தேகிக்கிறார்கள் என்பதை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் ராஜகிரி மலைமேல் சூரியன் இறங்கும்போது, புகைக்கரி படிந்த கண்ணாடி வழியே பார்த்தேன். எலுமிச்சை விதை போல் ஒரு புள்ளி. என் நாடியோ குதித்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நெஞ்சு வலி உண்டு. மறுநாள் அவர் என் தங்கையின் கல்யாணத்தைப் பேசி முடிக்க அவலூர்பேட்டைக்குப் போகவேண்டும். தவக்காலத்தில் பேச்சு வேண்டாம் என்று காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஈஸ்டர் திங்களன்று வராவிட்டால் வேறு பெண் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். விடியலில் வண்டி பூட்டி நின்றது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"நைனா, இன்னைக்குப் போவ வேணாம். சூரியன் சரியில்ல."

"சூரியன் சரியில்லையா? யார்றா சொன்னது?"

"என் நெஞ்சே சொல்லுது. நேத்திலேர்ந்து அடிச்சிக்குது. எனக்கே இப்பிடின்னா உங்களுக்குத் தாங்குமா?"

நைனா என் படிப்பை நம்புகிறவர். வண்டியில் வைத்த காலைக் கீழே இறக்கிவிட்டார்.

"மாட்டை அவுக்கவா வேணாமா? இன்னா சொல்றீங்க?" என்றார் வண்டிக்காரர்.

தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ண்ணா, தவக்காலம் பூரா காப்பியைத் தொடமாட்டேன்னு விரதம் இருந்தியே. நேத்து பூசை முடிஞ்சி வந்து எத்தினி டம்ளர் குடிச்ச?"

"பண்டிகைக்குக் கொஞ்சம் குடிச்சேன்."

"கொஞ்சமா? பாத்திரம் தேய்ச்சவ நானு. வடிச்ச தூளைக்கூட விடாம மறுபடி கொதிக்க வச்சிக் குடிச்ச. புள்ளி சூரியன்ல இல்ல, உன் டம்ளர்ல இருக்குது. நீங்க ஏறுங்க நைனா."

வண்டிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு நைனாவும் சிரித்தபடி ஏறிக்கொண்டார்.

"டேய், நீ வூட்லயே இரு. சூரியனைப் பத்திரமாப் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். விஞ்ஞானத்துக்காக அன்று காப்பியை நிறுத்தினேன். மாலைக்குள் தலைவலி வந்தது, நாடி அடங்கியது. புள்ளி மட்டும் கொஞ்சமும் சிறுக்காமல் ராஜகிரி மேல் இறங்கியது.

நைனா மறுநாள் வெற்றிலைத் தட்டோடு திரும்பினார். கல்யாணம் முடிவாகியிருந்தது. தங்கை என் முன்னால் ஒரு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போனாள்.

வண்டிக்காரர் மட்டும் என்னைத் தனியே அழைத்தார். போகும்போது நைனா மார்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தச் சொன்னாராம். நைனாவைக் கேட்டேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்ட நிறுத்தினோம்டா" என்றார்.

காந்த ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. "உறுதி" என்பதை, அதே ஸ்கேல் வைத்து, அடித்துவிட்டேன். அந்தத் திங்களன்று காந்தப் புயல் இருந்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.