தொடாததை விட்டுவிட்ட என் அண்ணன்

கோலியனூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிரிட்ட குடும்பத்தில் என் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஏர் பிடித்தார். என்னைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார். சொந்த நிலத்தைத் தாமே பயிரிட்டுப் பிழைத்தார். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பேரன் பேத்தி வந்த பிறகும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணனைப் பற்றி எழுத நல்லது நிறைய உண்டு. ஆனால் ஒன்றை முதலில் எழுதியாக வேண்டும். அவர் இறந்த துக்கத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள், "குடிச்சுக் குடிச்சு ஈரல் போச்சாம்" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தப் பேச்சை ஊரில் விட்டவள் நான்.

சில வருடங்களுக்கு முன் அண்ணனுக்கு வயிறு உப்பி, உடம்பு ஓய்ந்து போனது. விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கிறது என்றார்.

"குடி உண்டா பெரியவரே?"

"அந்தப் பக்கமே போனதில்லீங்க."

அண்ணனைப்போல் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் குடிக்காமலும் இது வரும் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். ஈரல் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுத்தான் போனார். தொடவே இல்லை என்று அவரும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டே இருந்தவர்தான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "நெஜத்தச் சொல்லுண்ணே. எப்பலேர்ந்து?"

"இன்னா பாப்பா இது? உனுக்குத் தெரியாமலா?"

"எங்க வூட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு!" என்று நடுத்தெருவில் அழுதேன்.

அடுத்த வாரமே, குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டும் கோயிலுக்கு அவரை அழைத்துப்போனேன். சாமி முன்னால் சத்தியம் செய்து கட்டிக்கொண்டால், கயிறு கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. வரிசையில் அண்ணன்தான் வயதில் மூத்தவர். முன்னால் நின்ற ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா பெருசு, இம்மாம் நாள் ஓட்டிட்டு இப்ப போய் வுடறியே! மீதியையும் ஜாலியா ஓட்டிட வேண்டியதுதானே?"

"தங்கச்சி வுட மாட்டேங்குதே நைனா" என்று அண்ணன் சிரித்தார்.

எத்தனை மாதத்துக்கு என்று பூசாரி கேட்டார். "ஆயுசுக்கும் கட்டுங்க சாமி" என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு அண்ணன், டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையையும் தாண்டவில்லை. விடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு ஏரிக்கரையில் நடப்பார். சோற்றைக் குறைத்துக்கொண்டு கீரையும் காயும் கூட்டிக்கொண்டார். சர்க்கரை போட்ட காபி, பஜ்ஜி, போண்டா எல்லாம் நின்றன. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, சீக்கிரம் படுத்துவிடுவார். மூட்டு வலித்தாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடமாட்டார். ஈரலைக் கழுவும் என்று சந்தையில் விற்ற பொடி ஒன்றை நான் வாங்கிப் போனபோது கையில்கூட வாங்கவில்லை.

"இது எதுக்கு பாப்பா? அழுக்க வெளிய தள்ளத்தான் ஈரலும் கிட்னியும் உள்ள வேல செஞ்சிக்கினு கெடக்குதுங்க. அதுங்க மேல நாம பாரம் ஏத்தாம இருந்தா போதும்னாரு டாக்டரு. இதுல இன்னா கலந்துக்கினு கெடக்குதோ, யாரு கண்டா?"

வயிறு வற்றியது. முகம் தெளிந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது வீக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. அத்தனையும் கயிறு செய்த வேலை என்று நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? கல்யாணம், காதுகுத்து என்று போன இடமெல்லாம், "எங்க அண்ணன நான்தான் குடிலேர்ந்து மீட்டேன்" என்று பெருமை பேசினேன். தங்கள் வீட்டு ஆண்களுக்காக என்னிடம் கோயிலுக்கு வழி கேட்ட பெண்களும் உண்டு.

போன வருடம் அண்ணன் மறுபடி படுத்தார். இந்த முறை ஈரல் அல்ல, இதயம். பார்க்கப் போன நான், கயிறு நைந்திருப்பதைக் கண்டு, புதிதாக ஒன்று கட்டலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"போதும் பாப்பா. இன்னா குடியக் கண்ட நீ? என்னைக் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்ல அவரு. உன் கயித்தால டீக்கடைக்குப் போறதையே வுட்டுட்டாரு. 'பெருசு, கயிறு அவுந்துடப் போவுது'ன்னு சிரிக்கிறானுங்களாம். ஏரிக்கரையில ஒண்டியா நடந்தாரே, ஒடம்புக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினியா?"

உள்ளே போய் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தேன். "ஏண்ணே, சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே பாப்பா. நீ மாப்ளய நெனச்சிக்கினு அழுத. ஒரு கயிறுதானேன்னு கட்டிக்கினேன்."

"ஊரே சிரிச்சிதே."

"நீ தூங்கினியே! கட்டின அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்னு நீதானே சொன்ன?"

கயிற்றை அவிழ்க்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டார். "சாமிகிட்ட சொன்னது. இருக்கட்டும்." அந்தக் கயிற்றோடுதான் போனார்.

அவர் கூடுதலாக வாழ்ந்த அந்த நல்ல வருடங்கள் தண்ணீராலும் நடையாலும் அளவான சாப்பாட்டாலும் வந்தவை. என்னால் வந்தது அவப்பெயர் மட்டுமே.

கடைசி நாட்களில் கண்ணாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், பொறுமையாக வைத்தியம் செய்த டாக்டருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய ஊர்க்காரர்களுக்கும், அனந்தபுரத்திலிருந்தும் பனமலையிலிருந்தும் ஓடி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

என்னிடமிருந்து அந்தப் பேச்சைக் கேட்ட வீடுகளுக்கெல்லாம் இந்த நினைவு மலரை நானே எடுத்து வருகிறேன். படிக்க வராதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வாசலில் நின்று, அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போகிறேன்: என் அண்ணன் குடித்ததில்லை.