நாலாவது குழியில் என்ன போடுவது?

போன சனிக்கிழமை கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருக்கும் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொண்டுவந்தாள். டம்ளரை இடது கையால் நீட்டினாள்.

அம்மா யாருக்கும் எதையும் இடது கையால் தரமாட்டாள். வலது கையைப் பார்த்தேன். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணி சுற்றியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"கெளுத்தி முள்ளு குத்திடிச்சி. வுடு."

அம்மா மீன் விற்கிறவள். முள் குத்தாத வாரம் உண்டா என்ன? நம்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு செல்வி அக்கா உப்பு கேட்டு வந்தார்.

"முள்ளா? அப்படியா சொன்னா உங்கம்மா? நீ வாங்கியாந்த சார்ஜர்ல பேட்டரி கட்டை வெடிச்சி விரலு வெந்துபோச்சிடி!"

அம்மா முறைத்த முறைப்பில் அக்கா உப்பு வாங்காமலே போய்விட்டார்.

வெடிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் வெடித்திருக்கலாம்.

மின்வெட்டுக் காலம்... உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அம்மா விடியும் முன்பே துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகிறவள். தெருவிளக்கு எரிவது அதிர்ஷ்டம். டார்ச் இல்லாமல் முடியாது. நானோ சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். இதை அடிக்கடி சொல்கிறேன் என்று சில வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே, சாதாரண பேட்டரி எதற்கு? கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் ரீசார்ஜ் செய்கிற பேட்டரி நாலும் ஒரு மலிவு சார்ஜரும் வாங்கினேன். டார்ச்சுக்கு மூன்றுதான் வேண்டும். நாலாவதை என் அறைக் கடிகாரத்துக்கு வைத்துக்கொண்டேன். "தீர்ந்தா இதுல போடு, ஏறிடும்" என்று அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் பாடம்.

சார்ஜரில் நாலு குழி. அம்மா மூன்றைப் போட்டாள். ஒரு பக்கம் விளக்கு எரிந்தது, மறுபக்கம் எரியவில்லை. அந்த மாதிரி சார்ஜர் ஜோடி ஜோடியாகத்தான் ஏற்றும். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. குழிகளை மாற்றி மாற்றிப் போட்டு அவளே கண்டுபிடித்தாள்.

"இட்லித் தட்டுல ஒரு குழிய காலியா வுடுவமா? டிவி ரிமோட்ல இருந்த கட்டய எடுத்துப் போட்டேன். ரெண்டு பக்கமும் எரிஞ்சிது."

எரிந்தது. அம்மா நிம்மதியாக மீன் ஆயப் போய்விட்டாள். கருகிய வாடை வந்தபோது ஓடிவந்து, சுவிட்சை அணைக்காமல் அந்தச் சாதாரண பேட்டரியைப் பிடுங்கினாள். கொதித்துக்கொண்டிருந்தது. மேலே ஏதோ கசிந்தும் இருந்தது. விரல் தோல் உரிந்துவிட்டது.

ரீசார்ஜ் ஆகாத பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திணித்தால் சூடேறும், கசியும், சமயத்தில் வெடிக்கும். சார்ஜரின் முதுகில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் சிதம்பரத்தில் இருந்தாள்.

கதை அதோடு முடியவில்லை. ஏறிய இரண்டோடு கடையில் வாங்கிய சாதாரண பேட்டரி ஒன்றைச் சேர்த்து டார்ச்சில் போட்டிருக்கிறாள். ரெண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் ரயில்வே கேட் தாண்டியதும் மங்கி அணைந்துவிட்டது. பின்னால் யாராவது வருகிற வரைக்கும் அன்னக்கூடையோடு இருட்டில் நின்றிருக்கிறாள்.

"எனக்கு ஒரு போன் பண்றதுக்கு இன்னா?"

"பண்ணா இன்னா சொல்லுவ? 'இதுகூடத் தெரியாதா'ம்ப. வாட்ச் கடை மாமாகிட்ட கேட்டேன். அவுரு பொறுமையா சொன்னாரு."

யோசித்துப் பார்த்தேன். ஏ.டி.எம்.முக்கு அந்த வாக்கியம். செல்போனுக்கு அதே வாக்கியம். கேஸ் புக் பண்ணுவதற்கும் அதேதான். படித்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது பேட்டரி மட்டுமல்ல போலிருக்கிறது. விரல் வெந்ததைக்கூட என்னிடம் மறைக்க வேண்டியிருந்திருக்கிறது – மகளுக்குப் பயந்து.

உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். ரீசார்ஜ் பேட்டரி மட்டும்தான் சார்ஜருக்குள் போகலாம். டார்ச்சில் எல்லாம் ஒரே வகையாக, ஒன்றாக வாங்கியதாக, ஒன்றாக ஏற்றியதாக இருக்கவேண்டும். கலந்து போட்டால் எது முதலில் தீர்கிறதோ அதை மற்றவை சும்மா விடாது. அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக் கெடுத்துவிடும்.

அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஒண்ணா போடக் கூடாதுன்னா, எதுக்கு எல்லாத்தயும் ஒரே அளவுல செய்றான்?"

என் மாணவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"தெரியலம்மா."

"ஒனக்கேவா?" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "ஏய் செல்வி, வந்து உப்ப வாங்கினு போ. இவளுக்கும் தெரியாதாம்!"

கடிகாரத்திலிருந்த நாலாவது பேட்டரியைத் திங்கட்கிழமையே கடலூர் பஸ்ஸில் போன தெரிந்தவர் மூலம் அனுப்பிவைத்தேன். செவ்வாய்க்கிழமை அம்மா போன் செய்தாள். "நாலும் போட்டுட்டேன். லேசா வெதுவெதுன்னு இருக்குது, எடுத்துடவா?" அது பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடுதான் ஆபத்து என்றேன். மறுபடி அழைத்தாள். "பச்சை வெளக்கு வந்துடிச்சி." மறுபடியும். "ரிமோட்டுக்கு எந்தக் கட்டடி?"

மூன்று அழைப்பும் வகுப்பு நடக்கும்போது. மூன்றையும் எடுத்தேன்.