பதினெட்டுப் புள்ளி ஆறு

ஒரு காருக்காக என் கல்யாணம் நின்றது என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். கார் என்ன பாவம் செய்தது? தன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓடியது. ஓடியதை ஓடியபடி சொல்லத்தான் அன்றைக்கு ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அந்த ஒருத்தரில் நானும் சேர்த்தி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்கு இருபத்தொன்பது வயது. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற பி.டி. டீச்சர். அப்பா இல்லை. அண்ணன்தான் எனக்கு மாப்பிள்ளை தேடினான். வந்தவர்களெல்லாம் வெயிலில் கறுத்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு ஆபீஸ் வேலை எதுக்கும் போவலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் பிரான்சிலிருந்து ஒரு வரன் வந்தது. அந்த நாட்டுப் பட்டாளத்தில் வேலை, மூன்று மாத லீவு, போகும்போது பெண்ணோடு போக வேண்டும். எங்கள் ஊரில் பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் மேலே ஒரு கேள்வி கிடையாது. அம்மா அன்றைக்கே மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளையோடு கப்பலில் ஒரு காரும் வந்திருந்தது. சின்னக் கார், இரண்டே கதவு, ஸ்டியரிங் இடது பக்கம். பின்கண்ணாடியில் 'டர்போ' என்று கொட்டை எழுத்து. ஆறு மாதத்தில் திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்று எழுதிக்கொடுத்து இறக்கியதாம். அம்பாசடரையும் பியட்டையும் தவிர வேறெதையும் பார்க்காத ஊர். அது நின்ற இடத்திலெல்லாம் கூட்டம் கூடியது.

பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் பேசியது முழுக்க அந்த வண்டியைப் பற்றித்தான். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் விளக்கினார்.

"புகை வெளிய போறப்ப ஒரு சக்கரத்தைச் சுத்திவிட்டுட்டுப் போவும். அந்தச் சக்கரம் இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அமுக்கித் தள்ளும். அதான் டர்போ. சின்ன இன்ஜின்தான், ஆனா பெரிய வண்டியோட இழுப்பு இருக்கும்."

பிறகு வழவழவென்று ஒரு கேட்லாக்கை எடுத்து நீட்டினார். நானும் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி நானூறு மீட்டர், பதினாறு செகண்ட் என்று போட்டிருந்தது. நானூறு மீட்டர்! என் பிழைப்பே அதுதானே. எத்தனை வருடமாக எத்தனை பெண்களை அந்தத் தூரத்துக்கு விரட்டியிருக்கிறேன். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே ஒரு ஆசை வந்தது. கேட்லாக்கைக் கையில் வாங்கி வரி விடாமல் படித்தேன்.

அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஓட்டுகிறவர் ஒருத்தர் மட்டும், சூப்பர் பெட்ரோல், காற்று இல்லாத சமதரை, இருபது டிகிரி. சித்திரை மாதத்தில் காரைக்காலில் இருபது டிகிரிக்கு எங்கே போவது? நம் பங்க்கில் ஊற்றுவது சாதா பெட்ரோல். எனக்குத் தோன்றியதை மரியாதையாகத்தான் சொன்னேன்.

"இங்க பதினாறு வராதுங்க. பதினெட்டு வந்தா சந்தோஷப்பட்டுக்கலாம்."

"ஏன் வராது?"

"தை மாசத்துல எழுவது செகண்டுல ஓடுற பொண்ணு இப்ப ஓடினா எழுவத்தஞ்சு ஆவுதுங்க. காத்தே சூடா இருக்கு. உங்க வண்டியும் காத்தைத்தானே குடிக்குது?"

சிரித்தார். கூட வந்த அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். "வண்டிக்கு வேர்க்குமா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான். கேட்லாக்கை நான் படித்திருந்தேன், அவன் படித்திருக்கவில்லை. ஆனாலும் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான். ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது, அம்மா காபித் தட்டோடு கண்ணை உருட்டியதால் அடங்கினேன்.

"சரி, வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஓட்டிக் காட்டுறேன். நீயே வாட்ச் புடி" என்றார் மாப்பிள்ளை. நன்றாகக் கவனியுங்கள், வாட்ச் பிடிக்கச் சொன்னவர் அவர். நானாகப் போய் நிற்கவில்லை.

அந்த ஞாயிறுதான் எங்களுக்கு முதல் ஓலை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. பெயரைக் கேட்டதும் அம்மா முக்காட்டுக்குள் அழுதாள். அந்தப் பூரிப்போடு எல்லோரும் நெடுங்காட்டு ரோட்டுக்குப் போனோம்.

பள்ளி டேப்பைப் பிடித்து நானே அளந்தேன். இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். வண்டி கிளம்புகிற கோட்டில் அண்ணன் சிவப்புத் துண்டோடு நின்றான். துண்டு கீழே இறங்கியதைப் பார்த்து நான் வாட்சை அமுக்க வேண்டும், முன் சக்கரம் என் கோட்டைத் தொட்டதும் மறுபடி அமுக்க வேண்டும். எனக்கு இது புதுசா என்ன?

எங்களுக்கு வெகு தூரம் தள்ளி ரோட்டில் ஒரு அம்மாள் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தாள், போகிற வண்டி ஏறி நெற்று உடையட்டும் என்று. வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து, "தம்பி, நம்ம செடி மேல ரெண்டு தடவ ஏத்திட்டுப் போப்பா, பஸ்ஸு இன்னும் வரல" என்றாள். அன்றைக்கு அந்த வண்டியால் ஆகக்கூடியதை மட்டும் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

முதல் ஓட்டத்துக்கு அந்த முனைக்குப் போகும்போதே சித்தப்பா மகன்கள் ஏறிக்கொண்டார்கள். "அவங்களை இறக்கிவிடுங்க, கேட்லாக்ல ஒரு ஆள்தான்" என்றேன். "நீ வாட்சைப் பாரு" என்றார். துண்டு இறங்கியது. வண்டி முதலில் என்னவோ யோசிக்கிற மாதிரி கிளம்பி, பாதியில்தான் குபீரென்று சீறியது. பத்தொன்பது புள்ளி எட்டு.

ஆட்களை இறக்கினார். இரண்டாவது ஓட்டம், தனியாக. பதினெட்டுப் புள்ளி ஆறு. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு என்று நான் சொன்னதுகூட அந்த வண்டிக்குக் கொஞ்சம் தாராளம்தான் போலிருக்கிறது. அவர் முகம் சிவந்துவிட்டது. உடனே திருப்பி மூன்றாவது முறை ஓட்டினார். அதற்குள் இன்ஜின் கொதித்துப் போய் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் வேறு. பத்தொன்பது புள்ளி ஒன்று.

இறங்கி வந்தவர் என் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். கூடியிருந்தவர்களைப் பார்த்தார். "கை லேட்டு" என்றார்.

"என்னது?"

"நீ லேட்டா அமுக்குற. பொம்பளைங்களுக்கு வண்டி வேகம் கண்ணுக்குச் சிக்காது."

"ரெண்டரை செகண்டுங்க! அந்த நேரத்துல என் பொண்ணுங்க பதினஞ்சு மீட்டர் ஓடிடுவாங்க. உங்க வண்டி போயி அம்பது மீட்டருக்கு மேல தாண்டினப்புறம் அமுக்க, நான் என்ன நின்னுக்கிட்டே தூங்கிட்டா இருந்தேன்?"

சித்தப்பா மகன்களுக்குச் சிரிப்பு வரவில்லை இந்தத் தடவை. அந்த முனையிலிருந்து ஓடிவந்த அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக் கருவேலமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"ஏம்மா, கை லேட்டுன்னு சொல்லிடேன். ஒரு வார்த்த. என்ன கொறஞ்சிடப் போவுது?"

"பொய்யிண்ணே."

"மனுஷன் மொகம் செத்துப் போச்சு, பாத்தியா? மொதல் ஓல வாசிச்சாச்சு. இனிமே நின்னுச்சுன்னா உனக்குன்னு எவன் வருவான்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஆம்பள காரு ஓட்டுறான், உனக்கு என்னடி கணக்கு? பதினாறுன்னு சொன்னா உன் வாயி வெந்துடுமா?" சோறு உண்ண மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். என்னை அப்படியே நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா பட்டினி கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். எல்லோரும் இருந்தார்கள். நான் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே, "நான்தான் கொஞ்சம் லேட்டா அமுக்கிட்டேன் போலருக்கு" என்றேன்.

"பரவால்ல, விடு" என்றார் பெரிய மனசோடு. மன்னித்துவிட்டாராம்! செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். அம்மா இரண்டு கரண்டி கூடவே சோறு போட்டுக்கொண்டு உண்டாள்.

அவ்வளவுதான், ஊருக்கு லைசென்ஸ் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. 'டீச்சரம்மா கை லேட்டாம், வண்டி பதினாறுல வந்துச்சாம்' என்று பரவியது. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அதுவே பதினைந்தாக இறங்கிவிட்டது என்று எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா சொன்னாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கார் கிளம்புவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை, கோடைப் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டம். எப்போதும் பெண்கள் ஓட்டத்துக்கு நான்தான் டைம் எடுப்பேன். வாட்சைத் துடைத்துக்கொண்டு கோட்டுக்குப் போனால், ஆண்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் கையை நீட்டினார்.

"கொடுங்க டீச்சர், இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன். நீங்க மணி அடிங்க."

"ஏன் சார்?"

"கோவிச்சுக்காதீங்க. கை லேட்டுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே. பிள்ளைங்க விஷயம் பாருங்க."

ஒத்துக்கொண்டவள்தானே. வாட்சைக் கொடுத்தேன். மணியை வாங்கிக்கொண்டேன். அவர் வாட்ச் பிடித்த அழகைச் சொல்லட்டுமா? பக்கத்து ஆளிடம் முகாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே, முதல் பெண் கோட்டைத் தாண்டிக் குனிந்து மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு அமுக்கினார். அவர் கையை யாரும் லேட் என்று சொல்லவில்லை. மணியும் கையுமாக, என் பிள்ளைகள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பெண் இப்படிப் போகலாமா என்றால், போனேன். அவர் வாசலில் காருக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ ஓட்டுங்க. மாஸ்டரும் ஒரு வாட்ச் புடிக்கட்டும், நானும் புடிக்கிறேன்."

"முடிஞ்சுபோனத ஏன் கிளறுற?"

"என் வாட்சைப் புடுங்கிட்டாங்கங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லிப் புடுங்கிட்டாங்க."

துணியைப் பிழிந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "இந்தா பாரு" என்றார். "பதினெட்டுக்கு மேலதான் ஆச்சுன்னு எனக்கும் தெரியும். ஓட்டுற எனக்குத் தெரியாதா? இந்தப் பெட்ரோலுக்கும் இந்த வெயிலுக்கும் அவ்வளவுதான் வரும். அத நாலு பேரு முன்னாடி சொல்லணுமா? கல்யாணம் ஆனப்புறம் இந்த வாட்சு, ஓட்டம் இதெல்லாம் வேண்டாம், விட்டுடு."

தெரியுமாம்! அந்த ரோட்டிலேயே தெரியுமாம். தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே என் கையைக் குறை சொல்லி, தெரிந்தே என்னை ஒத்துக்கொள்ள வைத்து, தெரிந்தே மன்னித்தும் விட்டிருக்கிறார். உடம்பெல்லாம் எரிந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், நான் மறுபடி டீ டம்ளரை நீட்டியிருப்பேன். நேராகக் கோயில் ஆபீசுக்குப் போனேன். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய ஓலைகளை எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஓலைக்காக எங்கள் இரண்டு பேர் பெயரும் மேலேயே இருந்தன.

"ஸ்தோத்திரம் சாமி. தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு வாசிச்சீங்கள்ல? சொல்ல வந்திருக்கேன்."

"யாருக்கும்மா தடை?"

"எனக்குத்தான் சாமி."

பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிள் மிதித்து வந்த வேர்வை, சேலை முழுக்கத் தூசி. "ரெஜிஸ்டர்ல எழுதணும்மா. காரணம் கேப்பாங்க. என்னன்னு எழுதிக்கட்டும்?" என்று கேட்டார்.

"என் கை லேட் இல்ல சாமி" என்றேன். "பதினெட்டுப் புள்ளி ஆறு. அப்படியே எழுதிக்குங்க."