களை வளர்த்த மண்காரர்

டெக்சாஸுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி, பொய் சொல்லிக் கிடைத்தது.

எங்கள் ஊரில் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. கம்பி வேலி, நம்பர் அமுக்கினால் திறக்கும் கேட், உள்ளே ஆளுக்கு ஒரு துண்டு நிலம். அது ஆரம்பித்த அன்று விடிகாலையிலேயே வரிசையில் நின்று முதல் துண்டை வாங்கியவன் நான். முருங்கை, புடலை, பாகல் என்று எக்செல்லில் திட்டம் போட்டேன். எக்செல் செழித்தது. நிலத்தில் களைதான் வந்தது.

போன வருஷம் வசந்தத்தில் பக்கத்துத் துண்டுக்கு ஒருவர் வந்தார். டயாலிசிஸ் பிரிவில் ஆண் நர்ஸ். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டின் வடக்கே, குன்றுகளுக்கு நடுவில். அவருடைய சனம் மொத்தமே சில கிராமங்கள்தான், எல்லாரும் உழவர்கள். குட்டைக் காம்பு வைத்த மண்வெட்டியோடு வந்தவர், கொத்தாமல் சும்மா நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இங்க எல்லாருக்கும் முன்னாடி வந்தது யாரு?"

"நான்தான்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நான் வந்தப்ப இங்க ஒரு புல் பூண்டு கிடையாது. எல்லாம் இந்தக் கை பண்ணினது" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் குந்தி உட்கார்ந்து, மெல்லக் கைதட்டி வணங்கினார். "அப்படின்னா நீங்கதான் மண்காரர். கொத்த உத்தரவு கொடுங்க, பெரியவரே."

எனக்கு ஐம்பத்திரண்டு. 'பெரியவரே' கொஞ்சம் வலித்தது. ஆனால் உத்தரவு கொடுக்கச் சொல்லி என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை.

அவர்கள் ஊரில் ராஜா கிடையாதாம். வெள்ளைக்காரன் வந்து, திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே என்று ஒருவரைத் தலைவராக்கினானாம், ஊர் சிரித்ததாம். நிலத்தை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. முதலில் வந்து காடு வெட்டியவர் மண்ணோடு பேசி முடித்திருப்பார், அவர்தான் மண்காரர். அவருக்குப் பின் அவர் வாரிசு. பின்னால் வந்தவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொத்த வேண்டும். விளைந்ததில் முதல் வாய் அவருக்கு. அதற்கு முன்னால் வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது.

"நர்ஸாச்சே, நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?" என்றேன்.

"புதுக் காரை எலுமிச்சம்பழத்து மேல ஏத்துறீங்களே. எங்க ஆஸ்பத்திரி பார்க்கிங்ல பார்த்திருக்கேன்."

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

முறைப்படி ஒரு கோழி வேண்டும். தோட்டத்தில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. நானோ வீட்டுக்கு வெளியே மட்டும் கோழி சாப்பிடுகிற சைவன். அவர் யோசித்துவிட்டு, "மாவுத் தண்ணி போதும். மண்ணுக்குப் பொறுமை இருக்கு" என்றார். கரைத்த மாவை மூன்று இடத்தில் ஊற்றினேன். அவர் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன்: மழை நேரத்துக்கு வரணும், பாம்பு வரக் கூடாது, முதுகு பிடிக்கக் கூடாது, இங்கே பிறந்த அவருடைய இரண்டு பெண்களுக்கும் அப்பா விளைவித்த ஊர்க் கம்பின் ருசி தெரியணும்.

கம்பு, காராமணி, புளிச்சகீரை போட்டார். "இதெல்லாம் எங்க ஊர் அயிட்டமாச்சே!" என்றேன்.

"கம்பும் காராமணியும் எங்ககிட்டேருந்து போனது. யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க?"

வீட்டில் சொன்னேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு துளசிச் செடியைக் காப்பாத்த முடியல. உங்களைப் போய் பூமிக்கே இன்சார்ஜா போட்டிருக்காரா? ரெஃபரன்ஸ் செக் பண்ணவே இல்லையா?"

ஆகஸ்டில் தோட்டக் கமிட்டியின் கடிதம் வந்தது. என் துண்டில் களை தவிர எதுவும் இல்லாததால், இரண்டு வாரத்தில் அது காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அவருடைய கம்போ அப்போதுதான் பால் பிடித்திருந்தது. குருவிக்குப் பயந்து ஒவ்வொரு கதிருக்கும் பழைய நைலான் சாக்ஸ் மாட்டியிருந்தார். நிலம் போன மண்காரன் முதல் வாய் சாப்பிட்டால் செல்லுமா? அதைக் கேட்கத் தைரியம் இல்லை. கடிதத்தை ஒளித்துவைத்தேன். துண்டு போனது. கேட்டின் நம்பரையும் மாற்றினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன் வந்தது. "கம்பு முத்திடுச்சு, பெரியவரே. வாங்க." கணுக்கால் சுளுக்கு என்றேன். அடுத்த வாரம், ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், நகர முடியாது என்றேன். அதற்கடுத்த வாரம், "மாவே அரைச்சாச்சு. பொண்ணுங்க தினமும் கேக்குறாங்க. நீங்க வராம நான் எப்படிக் கொடுக்கிறது?" என்றார்.

மனைவி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் குழந்தைங்க ஸ்பூனோட உக்காந்திருக்கு, நீங்க கௌரவம் பார்க்கிறீங்க. கிளம்புங்க. நானே டிரைவ் பண்றேன், இல்லேன்னா பாதி வழியில திரும்பிடுவீங்க."

சனிக்கிழமை காலை. கேட் திறக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்றபடி, உள்ளே நின்ற அவரிடம் சொன்னேன்: "நான் இங்க ஒரு செடிகூட வளர்த்ததில்லை. சொன்னது பொய். இப்ப நிலமும் போச்சு."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆறு மாசமா பக்கத்துலதானே இருந்தேன், எனக்குக் கண்ணு தெரியாதா? எங்க ஊர்லயும் மண்காரர் வயல்தான் ஊரிலேயே மோசம். அடுத்தவன் பஞ்சாயத்துக்கே அவருக்கு நேரம் பத்தாது."

"நிலம் போயிடுச்சே?"

"முதல்ல வந்தீங்களா, இல்லையா? அதை லெட்டர் போட்டு கேன்சல் பண்ண முடியுமா?"

கேட்டைத் திறக்கிறேன் என்றார். கமிட்டிக்குப் பயந்து வேண்டாம் என்றேன். வேலி ஓட்டை வழியாக விரல் விட்டு, அவர் நீட்டிய பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து கம்பங்கூழைக் கொஞ்சம் தொட்டு மண்ணில் தெளித்தேன். மிச்சத்தை நக்கினேன். புளிப்பும் உமியுமாக இருந்தது. அவர் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி என் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினேன். அவர் தன் பாஷையில் ஏதோ சொன்னார். பெண்கள் சாப்பிட்டார்கள்.

பெரியவள் மூக்கைச் சுருக்கினாள். "டாடி, இட் டேஸ்ட்ஸ் லைக் கார்ட்போர்ட்."

அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு மண்காரர்தான் தீர்ப்பு சொல்லணும்."

காரில் மளிகைச் சாமான் இருந்தது. மனைவி ஏற்கெனவே வெல்லப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வெல்லம் போடலாம்" என்றேன்.

"எங்க வழக்கத்துல அது கிடையாது!"

"தீர்ப்புக்கு அப்பீல் உண்டா?"

"கிடையாது" என்று ஒப்புக்கொண்டு, வேலிக்கு மேலே கையை நீட்டினார்.