தூளிக்குள் இருந்த கத்தி

என் அப்பாவின் மடக்குக் கத்தி எங்கள் தங்கச் சுரங்கக் குடியிருப்பு லைனில் பேர் போனது. கத்தி என்ற முறையில் அதற்கு ஒரு பெருமையும் கிடையாது. கூர் மழுங்கிப் போய், ஒரு பாக்கைக்கூட ஒழுங்காக வெட்டாது. அதன் புகழெல்லாம் பாட்டில் திறப்பதில்தான். அப்பா அதை விரிக்கவே மாட்டார். மடக்கியபடியே பிடியின் இரும்பு நுனியை மூடியின் பல்லுக்கு அடியில் கொடுப்பார். பாட்டிலின் கழுத்தைச் சுற்றிப் பிடித்த இடது கை விரலை முட்டுக் கொடுத்து, வலது கையால் ஓர் அழுத்து. மூடி கூரையைத் தொட்டுவிட்டு வரும். எங்கள் கோரமண்டல் பகுதியில் எந்தக் கல்யாண வீட்டில் கலர் சோடாப் பாட்டில் பெட்டி வந்து இறங்கினாலும் முதலில் அப்பாவைத்தான் தேடுவார்கள். அவர் சுரங்கத்துக்குள் மரச்சட்டம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். பூமிக்கு முட்டுக் கொடுக்கிறவனுக்கு மூடிக்கு முட்டுக் கொடுப்பது எம்மாத்திரம் என்று சொல்லிக்கொள்வார். தற்பெருமையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த எனக்கு மகள் பிறந்தபோது அந்தக் கத்திக்கு வேறு உத்தியோகம் வந்தது. பச்சைக் குழந்தையைத் தனியாகப் படுக்கப் போட்டால் பக்கத்தில் ஓர் இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்து கருப்பு அண்டும் என்பது அம்மாவின் சட்டம். யாராவது கையில் வைத்திருக்கும் நேரத்தில் இரும்பு தேவையில்லை. கீழே விட்டால்தான் வேண்டும். ஆகவே அம்மா அப்பாவின் சட்டைப் பையிலிருந்து கத்தியைப் பிடுங்கி, தூளித் துணியின் மடிப்பில் ஆழமாகச் செருகிவிட்டாள். அப்பா சில நாள் வெறும் பையைத் தடவிக்கொண்டு திரிந்தார். பேத்திக்காக என்பதால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் மாதத்தில் என் கணவரின் அக்கா குழந்தையைப் பார்க்க ஆம்பூரிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத என் கணவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதனால் அவர்கள் பக்கத்துச் சனங்கள் அவரை என்ன பாடு படுத்தியிருந்தார்கள் என்பதை என் வளைகாப்பில் என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கென்று வாங்கி வந்த வளையல்களை ஒரு தட்டில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மாத வயிற்றை வைத்துக்கொண்டு எத்தனை பேரோடு சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி வருகிறார் என்றதும் என் அம்மாவும் மைச்சிமிழைத் தேடினாள். குழந்தையின் கன்னத்தில் ஒரு பெரிய பொட்டு, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"அவங்க நல்லவங்கதான். அதுக்கில்ல" என்றாள். மைச்சிமிழை மூடி வைத்தாள்.

என் கணவரும் அண்ணியும் காலை ரயிலில் வந்து சேர்ந்தார்கள். லைன் வீட்டில் ஒரே அறை, நடுவில் தூளி. அண்ணி வாசலை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தவர் அங்கிருந்து நகரவில்லை. கையாலேயே தைத்த சின்ன கவுன் ஒன்றை என்னிடம் நீட்டினார். கழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பூ வேலை. அளவு தெரியாமல் உத்தேசமாகத் தைத்தேன் என்றார். குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்து, தம்பி மூக்கு அப்படியே இருக்கிறது என்று சிரித்தார். கை மட்டும் முந்தானைக்குள் மடங்கியே இருந்தது. சாயங்கால ரயிலுக்குத் திரும்ப வேண்டுமாம். இன்றைக்குத் தொடாமல் ரயிலேறினால் இனி என்றைக்கும் தொடமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாயைத் திறந்து தூக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகம் மாறினால்? அதை அண்ணி பார்த்துவிட்டால்? அதற்குப் பயந்தேன்.

அப்பாவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் எட்டவில்லை. சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனார். ஈரச் சாக்கில் சுற்றிய கலர் பாட்டில்களோடு திரும்பினார். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. வரிசையாக வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கை அங்கேயே நின்றது.

கடைக்காரர் ஓப்பனரைப் பாட்டிலோடு நூலில் கட்டித் தரத்தான் வந்தாராம். நம்மிடம் இல்லாத ஓப்பனரா என்று இவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

தூளியிலோ குழந்தை தூங்குகிறது. அம்மா ஒரு முறை முறைத்தாள். உடனே அப்பா, கத்தி இல்லாவிட்டால் என்ன என்று ஜன்னல் கம்பியில் ஒரு பாட்டிலை மாட்டி இழுத்தார். மூடி வரவில்லை, கழுத்தே வந்துவிட்டது. சிவப்புக் கலர் சுவரெல்லாம் வழிந்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் கண்ணாடியை உடைக்கிறாரே இந்த மனுஷன் என்று அம்மா திட்டிக்கொண்டே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். கத்தியை எடுத்துவிடவா என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"கொழந்த கீழ கெடக்கும்போது வெச்ச இரும்ப எடுக்கக் கூடாது" என்றாள் அம்மா, நிமிராமல்.

என் கணவர் இருக்கிறாரே, நல்ல மனிதர், எங்கே உதவி செய்யக் கூடாதோ அங்கே சரியாக உதவி செய்வார். இரும்புதானே வேண்டும், கத்திக்குப் பதில் இதை வைக்கலாம் என்று தன் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். கத்தியை எடுக்க எனக்கு அதற்குள் வேறு வழி தோன்றியிருந்தது. சாவிக்கொத்து வந்த வழியே பைக்குள் போனது. நாங்கள் இன்றுவரை ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறோம் என்றால் அந்தப் புத்திதான் காரணம்.

தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு நேராக முக்காலிக்குப் போனேன்.

"அண்ணி, கத்தி துணிக்குள்ள எங்கியோ சிக்கிக்கினு கீது. தேடறதுக்கு ரெண்டு கையும் வேணும். இவளப் புடிங்க."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட குடேம்மா" என்றார்.

"அம்மா கையில கண்ணாடி."

குழந்தையை என் கணவரிடம் கொடுத்திருக்கலாம். நானே தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தேடியிருக்கலாம். இதெல்லாம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அம்மா சில்லுகளைக் கையில் ஏந்தியபடி அப்படியே இருந்தாள். நான் அண்ணியின் மடியில் குழந்தையை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

கத்தி தொட்டதுமே கிடைத்தது. இருந்தும் தூளியை இப்படியும் அப்படியும் புரட்டி, தேடுவது போலவே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது குழந்தை அவர் தோளில் ஏறியிருந்தது. முந்தானைக்குள் ஒளிந்திருந்த கைகள் அதன் முதுகிலும் தலைக்குப் பின்னாலும் பழகிய இடம் போல இருந்தன. கன்னத்துப் பொட்டு கலைந்து அண்ணியின் கழுத்தில் ஈஷியிருந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அப்பாவை இன்னொரு பாட்டிலை உடைக்கச் சொல்லியிருப்பேன்.

அப்பா கத்தியை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தார். மூடி ஒவ்வொன்றும் கூரைக்குப் போய் வந்தது. அண்ணியின் ஆரஞ்சு பாட்டில் அவர் காலடியிலேயே இருந்தது. எடுக்கக் கை காலியில்லை. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அந்தக் கலரை டம்ளரில் ஊற்றி, தானே அண்ணியின் வாயருகே பிடித்தாள். அண்ணி குடித்தார். கண்ணில் நீர் வந்தது. கலர் மூக்கில் ஏறிவிட்டது என்றார்.

எல்லோரும் குடித்து முடித்தபின் அப்பா கத்தியைத் துண்டில் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். இரும்பு தயார், இனி குழந்தையைத் தூளியில் போடலாம் என்றார். அண்ணி உடனே குழந்தையோடு எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா அவர் தோளில் கை வைத்து உட்கார்த்தினாள்.

"அது இன்னாத்துக்கு இப்ப? பையில போட்டுக்கினு போங்க" என்றாள் அப்பாவிடம். "அவங்க கையிலயே தூங்கட்டும்."

சாயங்கால ரயில் கோரமண்டலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அண்ணி முக்காலியில்தான் இருந்தார்.