கரமனைக்கு ஒரு ஜோடி ஸ்கீ

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். சாய்தளத்தில் ஒரு பொருள் எப்படிக் கீழே இறங்கும் என்று பதினெட்டு வருடங்களாகக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிவருகிறேன். அந்தப் பொருளாக நானே ஆனது நாற்பதாவது வயதில், காஷ்மீரின் குல்மார்க் பனிமலையில். உடன் வேலை செய்பவர்கள் ஒன்பது பேர் டூர் போயிருந்தோம். மற்ற எட்டுப் பேரும் கேபிள் காரில் ஏறி, படம் எடுத்து, இறங்கி, டீ குடித்தார்கள். நான் ஒரு மணி நேரம் ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பாடம் எடுத்துக்கொண்டேன். பதினோரு முறை விழுந்தேன். பன்னிரண்டாவது முறை விழாமல் இருபது அடி போனேன். அந்த இருபது அடிக்காகத்தான் அடுத்த வருடம் பத்து நாள் லீவ் போட்டுத் தனியாகப் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன். லீவ் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த விஷயம்' என்று எழுதினேன். யாரோ எனக்குச் சிகிச்சை நடப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது எல்லோரும் அன்பாக நடந்துகொண்டார்கள்.

மூன்றாவது குளிர்காலத்தின் கடைசி நாளில் என் ஸ்கீ ஆசிரியர் ஒரு விஷயம் சொன்னார். அவர் காஷ்மீரி, முப்பது வயது இருக்கும். எங்களுக்குள் பொது மொழி என்னுடைய பள்ளிக்கூட ஹிந்திதான். அதனால் எல்லாவற்றையும் சின்னச் சின்ன வாக்கியங்களாகவே சொல்லுவார்.

"மேடம், இனி வாடகை ஸ்கீப் பலகை வேண்டாம். சொந்தமா வாங்குங்க."

"ஏன்?"

"நீங்க வேகமாப் போனா முன்பக்கம் நடுங்குது. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். பத்து நாட்களாக அது என் பயம் என்றே நினைத்திருந்தேன்.

"அது பலகை. ரொம்ப மென்மையான பலகை, ஆரம்பிக்கிறவங்களுக்கு உள்ளது. ஆல் மவுண்டன்னு கேட்டு வாங்குங்க. எல்லாச் சரிவுக்கும், எல்லாப் பனிக்கும் அது ஆகும்."

ஒரே பெயரில் விஷயம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியோடு திருவனந்தபுரம் திரும்பினேன். கரமனையில் எங்கள் வீட்டு மாடியறையில், மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, மடிக்கணினியைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினேன். அந்தப் பெயருக்குள் நூற்றுக்கணக்கான பலகைகள் இருந்தன. காலுக்கு நேர் கீழே உள்ள அகலத்தை இடுப்பு என்கிறார்கள். இடுப்பு எண்பது மில்லிமீட்டர் என்றால் இறுகிய பனியைப் பிடித்துத் திரும்பும். நூறு என்றால் புதுப்பனியில் மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொன்றும் இரண்டையும் செய்வேன் என்றது. நீளம் தாடை வரை இருந்தால் சொன்னபடி கேட்கும், உச்சந்தலையைத் தாண்டினால் வேகத்தில் அசையாது. போதாததற்கு, விறைப்பு எவ்வளவு, முனை எங்கிருந்து மேலே வளையத் தொடங்குகிறது என்பதெல்லாம் வேறு. ஒரு மாதம் படித்தேன். தேர்வுத் தாள்கள் திருத்தப்படாமல் மேஜையில் இருந்தன.

கடைசியில் ஒரு தளத்தில் படிவம் இருந்தது. உயரம், எடை, திறமை ஆகியவற்றைச் சொன்னால் நமக்கான அளவை அது சொல்லும். நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது என் கணவர் பின்னால் வந்து நின்றார். அவர் சாலைக் கடைத்தெருவில் பைப், மோட்டார், குழாய்ச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். எதையும் வாசிக்கும்போது மெதுவாக, கடைசி வரி வரை வாசிப்பார்.

"இதாரு அட்வான்ஸ்டு?" என்றார், திறமைக் கட்டத்தைக் காட்டி.

"நான்தான்."

"ஓ." மேலும் வாசித்தார். "எடை அம்பத்தெட்டா?"

"ஆமா."

"எப்போ?"

நான் படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கடைக்கு ஆளு வருவான். கிணறு எத்தன அடின்னு கேட்டா அறுபதும்பான். அதுக்கு உள்ள மோட்டாரு குடுப்பேன். ஒரு வாரம் களிச்சு வந்து தண்ணி ஏறல்லன்னு சண்ட போடுவான். போயிப் பாத்தா தொண்ணூறு அடி கெடக்கும். மோட்டாரு என்ன செய்யும், சொல்லு?"

"நான் கிணறு இல்ல."

"மோட்டாருக்கு அது தெரியாதுல்லா."

வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று உண்டு. சில வருடங்களாகவே அது எனக்குச் சாதகமாகத்தான் காட்டிவந்தது. அவர் அதை நம்பவில்லை. மறுநாள் காலை கடைக்குப் போகும்போது என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். ஸ்கீ பூட்ஸையும் எடுத்துவரச் சொன்னார். அது மட்டும் நான் முந்தைய வருடமே சொந்தமாக வாங்கியிருந்தேன். "மலையில செருப்பு இல்லாமலா நிப்பே? அதும் பாரம்தானே," என்றார்.

அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மொத்த மளிகைக் கடை. முதலாளி திருநெல்வேலிக்காரர். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அப்போது ஒரு மூட்டை வற்றல் மிளகாய் இருந்தது.

"இவளுக்கு எடை பாக்கணும் அண்ணாச்சி," என்றார் கணவர்.

"அதுக்கென்ன. ஏறுங்க அக்கா," என்று அவரே மூட்டையை இறக்கிவைத்தார். காரணம் கேட்கவில்லை. நான் இரண்டு கைகளிலும் பூட்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையில் ஏறி நின்றேன். மிளகாய் நெடியில் தும்மினேன். முள் ஆடியது.

"அசையாதிய," என்றார். பிறகு பழக்கதோஷத்தில், தெருவுக்கே கேட்கும்படி, "எழுபத்தொண்ணு நானூறு!" என்று கூவினார்.

எதிர்ப் பாத்திரக் கடையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி என் பழைய மாணவி. "மிஸ், சுகம்தானே?" என்றாள். சுகம்தான் என்றேன்.

பூட்ஸைக் கழித்துவிட்டுச் சரியான எடையை எழுதினேன். திறமைக்கு நேரே 'நடுத்தரம்' என்று மாற்றினேன். படிவம் உடனே பதில் சொன்னது: நீளம் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர், இடுப்பு எண்பத்தெட்டு. எனக்குத் திருப்தி இல்லை. பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குச் சீருடை ஒரு அளவு பெரிதாகத்தானே எடுக்கிறோம். நானும் வளர்ந்துகொண்டிருக்கும் ஆள்தான். இன்றைக்குப் பொருந்துவதை வாங்கினால் நாளைக்குச் சிறிதாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில், வாஷிங் மெஷினுக்கும் தேக்குக் கட்டிலுக்கும் நடுவில், ஒரு ஜோடி ஸ்கீ கண்ணில் பட்டது. ஆல் மவுண்டன். சிவப்பு நிறம். நீளம் நூற்று எழுபத்தாறு, இடுப்பு நூற்று இரண்டு. இடம் வட்டியூர்க்காவு, என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். இது எனக்காகவே வந்தது என்று நினைத்தேன். வேறு யாருக்காக வந்திருக்க முடியும்?

விற்பவர் சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூர் ஹோட்டலில் பதினைந்து வருடம் சமையல் வேலை பார்த்தவர். மலையாளி. அதற்கு முன்னால் சென்னையிலும் வேலை செய்திருந்ததால் ஒருவிதமான தமிழ் பேசினார். கார் நிறுத்தும் இடத்தில் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அவை என் தலைக்கு மேல் ஒரு சாண் நின்றன. நான் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அண்ணாந்து பார்த்தேன். மிக அழகாக இருந்தன.

"சேச்சி எத்தன நாள் ஓடிச்சிட்டுண்டு?" என்று, நான் ஸ்கீ ஓட்டிய கணக்கைக் கேட்டார்.

"மூணு வருஷம்."

"வருஷம் அல்ல. நாள்."

எண்ணிப் பார்த்தேன். "இருபது நாளும் ஒரு மணிக்கூறும்."

அவர் சுவரருகே போனார். ஒரு பலகையை எடுத்து, வால்பக்கம் தரையில் ஊன்றும்படி என் கையில் கொடுத்தார். "ஒரு கையால முனை பிடிக்கணும். மத்தக் கையால நடுவுல அமர்த்தணும். வளையுதான்னு நோக்கு."

அழுத்தினேன். வளையவில்லை. முழு பலத்தோடு அழுத்தினேன். என் செருப்புதான் வழுக்கியது.

"நானும் அன்னு வளைச்சு நோக்கல்ல," என்றார். "சிவப்பு கண்டு வாங்கி. ரெண்டு சீசன், அது எங்க போச்சோ நானும் அங்க போனேன்." வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தி வலது முழங்காலைக் காட்டினார். நீளமாகத் தையல் போட்ட தழும்பு. "சேச்சிக்கு இது தரில்ல."

"வாங்கத்தான் வந்திருக்கேன்."

"அறியாம். தரில்ல." தெரியும், ஆனால் தரமாட்டேன் என்று அர்த்தம்.

பிறகு உள்ளே போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்தார். கூடவே ஓர் ஆம்லெட்டும் இருந்தது. அவ்வளவு மெல்லிய ஆம்லெட்டை நான் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல நோக்கி வாங்க வேண்டா," என்றார். "அங்க போயி மூணு ஜோடி வாடகைக்கு எடுக்கணும். ஒரே நாள், ஒரே சரிவு. மாத்தி மாத்தி இட்டு நோக்கணும். கால் சொல்லும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் அவர் தர மறுத்துவிட்டதைச் சொன்னேன்.

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாரா?"

"இல்ல. எனக்குப் பொருந்தாதாம்."

"அவரு கட வச்சா ஒரு மாசம் தாங்காது," என்றார். மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் கணவரும் என்னோடு குல்மார்க் வந்தார். சரக்கை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், மங்கி கேப், அதன் மேல் மப்ளர் என்று கண்கள் மட்டும் தெரிய இருந்தார். வாடகைக் கடையில் மூன்று ஜோடி எடுத்தோம். ஒன்று நீளமும் அகலமும் கூடியது, ஒன்று நடுத்தரம், ஒன்று குட்டை. நீளத்தை மறைக்க முடியாது. ஆனால் மேலே அச்சடித்திருந்த எண்களைப் பார்த்து என் மனம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று, கணவரை விட்டுப் பழுப்பு டேப்பால் எல்லாவற்றையும் ஒட்டச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதவைத்தேன். பரிசோதனைக்கூடத்தில் இப்படித்தான் செய்வோம். என் ஆசிரியர் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் பனி மென்மையாக இருந்தது. முதல் ஜோடி மிதந்தது. நான் பார்த்த வீடியோக்களில் வருகிறவர்களைப் போல இருந்தேன், அல்லது இருப்பதாக நினைத்தேன். உச்சிவேளைக்குப் பிறகு சரிவில் நிழல் விழுந்து பனி இறுகியது. அதே பலகையை ஓரத்தில் சாய்த்துத் திருப்பப் பார்த்தேன். திரும்பவில்லை. நேராக டீக்கடை வரிசையை நோக்கிப் போனது. வரிசையில் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். அவர்களை எட்டும் முன்பே நான் வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுந்தேன்.

மூன்றாவது ஜோடி சொன்னபடி எல்லாம் கேட்டது. வேகம் கூடியதும் முனை படபடத்தது.

இரண்டாவது ஜோடியில் ஒன்றும் நடக்கவில்லை. கீழே வந்து நின்ற பிறகுதான், வழியெல்லாம் கல்லூரி ஆய்வகத்துக்கு எழுத வேண்டிய ஒரு கடிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

கணவர் பெஞ்சில் உட்கார்ந்து கஹ்வா என்ற காஷ்மீர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். "எது நல்லா இருந்துச்சு?" என்று அவரைக் கேட்டேன். ஸ்கீ பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரின் கருத்தும் தேவைப்பட்டது.

"ஒண்ணாவதுல நீ வரும்போ எந்திச்சு நின்னுட்டேன்," என்றார். "மூணாவதுல வரும்போ பக்கத்துல இருந்த ஆளுகிட்ட, அவ என் வீட்டுக்காரியாக்கும்னு காட்டிக் குடுத்தேன்."

"ரெண்டாவதுல?"

"ரெண்டாவதுல நீ எப்போ வந்தே?"

ஆசிரியர் டேப்பைக் கிழித்தார். நூற்று ஐம்பத்தாறு, எண்பத்தெட்டு. ஒரு மாதம் படித்து, மிளகாய் மூட்டைக்குப் பதிலாகத் தராசில் நின்று, ஒருவரிடம் மறுப்பு வாங்கி, நாட்டின் மறுகோடிக்கு வந்து, படிவம் சொன்ன ஆள்தான் நான் என்று தெரிந்துகொண்டேன். சத்தியமாகக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நிறம்கூடச் சாம்பல்தான், ஓரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது சின்னதாகிறதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகும் மேடம்," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதே வகையில் புதியது ஒரு ஜோடி வாங்கினோம். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தோம். நீண்ட பையைக் குறுக்காக வைத்தும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்தா சாதனம்?" என்று கேட்டார் டிரைவர்.

பயணக் களைப்பில் எனக்கு மலையாளம் சரியாக வரவில்லை. "பனிக்கு உள்ளது," என்றேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது அவர் முகம் மாறியபோதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆர்க்கா பனி?"

பதில் சொல்வதற்குள் கணவர், இரண்டு ஸ்வெட்டரை இன்னும் கழற்றாமல் வியர்த்துக்கொண்டிருந்தவர், பலமாக இருமினார். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். கரமனை வரை ஒவ்வொரு குழியிலும் வேகத்தைக் குறைத்து, பதமாக ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். இறங்கும்போது, "வேகம் மாறும்," என்று கணவரின் தோளில் தட்டினார். சீக்கிரம் குணமாகும் என்று அர்த்தம். அவரும் நன்றி சொன்னார்.

இங்கத்திய ஈரக்காற்றில் பலகையின் இரும்பு ஓரங்கள் துருப்பிடிக்கும் என்று ஒரு மழைக்காலத்திலேயே தெரிந்துபோனது. கணவர் கடையிலிருந்து கிரீஸ் கொண்டுவந்து தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மாடியறைப் பரணில் வைத்தார். மாதம் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். அந்த அறைக்குள் போனால் அவருடைய கடை வாசனை அடிக்கிறது.

அடுத்த டிசம்பரில் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் நாள் நான்கு முறை விழுந்தேன். ஐந்தாம் நாள் காலையில், மேலே லிஃப்ட் முடியும் இடத்திலிருந்து ஆசிரியர் முன்னால் போக, அவர் போட்ட தடத்திலேயே நான் பின்னால் போனேன். நடுவில் அவர் நின்று திரும்பிப் பார்த்தார். நான் நிற்காமல் அவரைத் தாண்டிப் போனேன். நிறுத்தத் தெரியாமல் அல்ல, நிறுத்தத் தோன்றவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு மறுபடி மேலே போக லிஃப்ட் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.