அம்மன் வெளுக்கவில்லை அந்தப் பவளத்தை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அம்மனுக்கு விரோதமாகப் பேசுகிறான் என்று ஊர் சொல்லுமே என்ற பயம். விளக்கேற்றாமல் உப்பளத்துக்குக் கிளம்பாதவன் நான். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு, வாசலில் கண்ணாடித் தொட்டி கட்டி, பவளத்தை உயிரோடு வைப்பது என்று விழாக் குழு முடிவு செய்தது. கரைக்குத் தள்ளி, கடலடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. பார் என்போம். பவளம் வளர்வது அங்கேதான். கலவா, சங்கரா மீன்கள் குஞ்சுகளோடு ஒதுங்குவதும் அங்கேதான். அந்தப் பாரை நம்பித் தூண்டில் போடுகிறவன் என் கூட்டாளி. குழுவிடம் போய்க் கெஞ்சினான்.

"அது கல்லு இல்லீங்க, உசுரு. பொடிப் பொடிப் பூச்சிங்க ஒண்ணா கூடிக் கட்டின வூடு. ஒடச்சா மீனு எங்க போவும்? நான் எங்க போவேன்?"

"ஏம்பா, சாமிக்குத்தான கேக்குறோம்? என் வூட்டு ஷோகேசுக்கா?" என்றார் குழுத் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கடலில் முங்கி எடுக்கும் வெளியூர் ஆட்களை வைத்து உடைத்தார்கள். வந்தபோது பழுப்பும் ரோஸுமாக இருந்தது. கடல் தண்ணீர் கொண்டுவரக்கூட இவர்களுக்குப் பொறுமை இல்லை.

"உப்பளத்து ஊர்ல கடல் தண்ணிக்கு அலையணுமா?" என்று போர்வெல் தண்ணீரை நிரப்பி, மூட்டை மூட்டையாக எங்கள் உப்பையே கொட்டினார்கள். உப்பைக் கரைத்தால் கடலாகிவிடுமா?

கும்பாபிஷேகத்தன்று பவளம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து ஒரு அம்மாள் கூவினாள்: "ஆத்தா பவளத்த முத்தா மாத்திட்டா!"

குலவை கிளம்பியது. கற்பூரம் காட்டினார்கள். பிணத்துக்குக் கற்பூரம்! தலைவர் மைக்கைப் பிடித்து, இன்னொரு தொட்டியும் வைப்போம், இன்னும் பவளம் எடுப்போம் என்றார். கூட்டாளி என் பக்கத்தில்தான் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"செத்துப்போச்சுய்யா அது! மோந்து பாருங்க, நாறுது!"

"டேய், வாய மூடு. சாமி குத்தம் ஆயிடும்" என்றார் தலைவர்.

"சாமி குத்தம் பண்ணது நானா, நீங்களா?"

எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளினார்கள். மறுபடி உடைத்தார்கள். இன்று பார் மொட்டைப் பாறை. கலவா இல்லை. கூட்டாளி படகை விற்றுவிட்டு ஆரோவில் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

வானூர் வரைக்கும் இதைப் பவளம் முத்தான அதிசயம் என்றே சொல்கிறார்கள். படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கொன்றது மனுஷன். அந்தப் பழியை எங்கள் தாயின் தலையில் அருளென்று சூட்டாதீர்கள்.